குரலுக்கு உரியவர் யார்?

எந்தப் பல்கலைக் கழகத்து விழாவானாலும் சரி, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒலிபெருக்கியில் வந்தே தீரும் பாட்டுகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று 'ரஸ்புடின்'. 'போனி எம்' என்னும் குழு 1978இல் வெளியிட்ட அந்த நடனப் பாட்டுக்கு இப்போது வயது நாற்பதைக் கடந்துவிட்டது. ஆயினும் கால்கள் அதை மறக்கவில்லை. 2021இல் திருச்சூர் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர் இருவர், மருத்துவமனை உடையோடு அப்பாட்டுக்கு ஆடிய அரை நிமிட ஆட்டம் நாடெங்கும் பரவியதை நாம் அறிவோம்.

அந்தப் பாட்டில் கனத்த ஆண்குரல் ஒன்று பாடுகிறது. அக்குரலுக்கு உரியவர் யார் என்று நம் விடுதியில் கேட்டுப் பாருங்கள். படத்தைப் பார்த்தவர்கள் உடனே பாபி ஃபாரலைச் சொல்வார்கள். பளபளக்கும் உடையும் சுருட்டை முடியுமாய், ஒரு நொடியும் ஓயாமல் ஆடுகிறாரே, அவர்தாம். ஆட்டம் அவருடையது, அதில் ஐயமில்லை. இசைத்தட்டில் உள்ள குரலோ அவருடையது அன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியவர் ஃபிராங்க் ஃபாரியன் என்ற ஜெர்மானியர். குழுவைச் சேர்த்தவரும் பாட்டுகளைத் தயாரித்தவரும் அவரே.

ஆய்வுக்கூட வேலைக்கு நடுவே பழைய நடனப் பாட்டுகளின் கதைகளைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. படிக்கப் படிக்க ஒரு செய்தி மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டது. உலகை ஆட வைத்த பாட்டுகள் பலவற்றில் குரல் ஒருவருடையது; முகம் இன்னொருவருடையது; உறைமேல் அச்சிட்ட பெயரோ மூன்றாமவருடையது. இது எப்படி நேர்ந்தது, பின்னர் எப்படி மாறியது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் முதலில், குழு பிறகு

ஃபாரியனின் இயற்பெயர் ஃபிரான்ஸ் ராய்ட்டர். 1941இல் ஜெர்மனியின் கிர்ன் என்னும் ஊரில் பிறந்தவர். சமையல் தொழில் பயின்று, பிறகு பாட்டுக்கு வந்தவர். 1975இல் 'பேபி டூ யூ வானா பம்ப்' என்ற பாட்டை வெளியிட்டார். அதில் கீழ்க்குரலும் அவருடையதே, மேற்குரலும் அவருடையதே. ஆனால் தம் பெயரை அதில் போடவில்லை. ஆஸ்திரேலியத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகன் பெயர் 'போனி'. அதோடு 'எம்' என்ற எழுத்தைச் சேர்த்து, 'போனி எம்' என்று ஒரு குழுவின் பெயரை இட்டார். அப்படி ஒரு குழு அன்று எங்கும் இல்லை!

பாட்டு ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் நன்றாக விற்றது. குழுவை மேடைக்கு அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் ஆள் தேடினார். மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்த நால்வர் சேர்ந்தனர். ஜமைக்காவில் பிறந்த லிஸ் மிச்செலும் மார்சியா பாரெட்டும் பாடினர். மான்ட்செராட்டில் பிறந்த மெய்சி வில்லியம்ஸும், அரூபாவில் பிறந்த ஃபாரலும் மேடையில் ஆடி, உதட்டை அசைத்தனர். 'டாடி கூல்' 1976இல் வந்தது; 'மா பேக்கர்' 1977இல்; 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' 1978இல். எல்லாவற்றிலும் ஆண்குரல் தயாரிப்பாளரின் குரலே.

இந்தப் பாட்டுகளின் வேர்களும் வியப்பூட்டுவன. 'மா பேக்கர்' பாட்டின் மெட்டு துனீசிய நாட்டுப் பாடல் ஒன்றிலிருந்து பிறந்தது. 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாட்டை 1970இல் முதலில் பாடியவர்கள் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழுவினர். அதன் சொற்கள் விவிலியத்துச் சங்கீதங்களிலிருந்து வந்தவை. போனி எம் குழு 1978 டிசம்பரில் மாஸ்கோ சென்று ஆடியபோது, 'ரஸ்புடின்' பாட்டை மட்டும் அங்கே பாடவில்லை. காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். ரஸ்புடின் கொலையுண்டது 1916 டிசம்பர் 30ஆம் நாள், இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில். பாபி ஃபாரல் ஒரு நிகழ்ச்சிக்காகச் சென்ற இடத்தில் இறந்ததும் அதே நகரில், அதே டிசம்பர் 30இல், ஆண்டு 2010. ஃபாரியன் 2024 ஜனவரியில் மறைந்தார்.

காது முகத்தைக் கேட்பதில்லை

ஃபாரியன் செய்தது புதுமையன்று. அவருக்கு முன்பே அமெரிக்காவில் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. அதற்குக் காரணம் இசைத்தட்டும் வானொலியுமே. கச்சேரியில் பாடுபவரைப் பார்த்துக் கேட்கிறோம். வானொலியிலோ குரல் மட்டும் வருகிறது. அறிவிப்பாளர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதுவே நமக்குப் பெயர்.

1959இல் ஹேங்க் பாலர்டு என்பவர் 'தி ட்விஸ்ட்' என்ற பாட்டை எழுதித் தம் குழுவுடன் பாடி வெளியிட்டார். அது ஒரு தட்டின் பின்பக்கத்தில் இருந்தது. 1960இல் அதையே எர்னஸ்ட் எவன்ஸ் என்ற இளைஞர், சப்பி செக்கர் என்ற பெயரில் பாடினார். தொலைக்காட்சியில் ஆடியும் காட்டினார். பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது; 1962 ஜனவரியில் மறுபடியும் முதலிடம் பெற்றது. இரு குரல்களும் எவ்வளவு ஒத்திருந்தன என்றால், வானொலியில் கேட்ட பாலர்டே தம் தட்டுத்தான் ஒலிக்கிறது என்று எண்ணினாராம். புகழ் செக்கருக்குப் போயிற்று. எனினும் பாட்டை இயற்றியவர் என்ற முறையில், செக்கரின் தட்டு விற்கும்போதெல்லாம் பாலர்டுக்குப் பங்கு சேர்ந்தது.

1962இல் நடந்ததோ வேறு. 'ஹீ இஸ் எ ரெபல்' என்ற பாட்டு 'கிரிஸ்டல்ஸ்' என்ற பெண்கள் குழுவின் பெயரில் வெளிவந்து முதலிடம் பெற்றது. அக்குழுவினர் நியூயார்க் நகரத்தவர். ஒலிப்பதிவு நடந்ததோ நாட்டின் மறு கோடியில், லாஸ் ஏஞ்சல்ஸில். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் காத்திருக்க மனமின்றி, அங்கே கூலிக்குப் பாடி வந்த டார்லீன் லவ் என்பவரையும் அவர் தோழியரையும் பாட வைத்தார்; உறைமேல் கிரிஸ்டல்ஸின் பெயரைப் போட்டார். தங்கள் புதிய பாட்டைக் கிரிஸ்டல்ஸ் குழுவினரே வானொலியில்தான் முதன்முதலாகக் கேட்டனர்! தம் உழைப்புக்கு உரிய பங்கைக் கேட்டு டார்லீன் லவ் 1990களில் வழக்காட வேண்டியிருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு பாட்டில் இருவகை உரிமைகள் அடங்கியுள்ளன. சொல்லையும் மெட்டையும் ஆக்கியவருக்கு உரியது ஒன்று. ஒலிப்பதிவுக்கு உரியது மற்றொன்று. பெரும்பாலும் அது பணம் போட்ட நிறுவனத்தின் கையில் இருக்கும். ஒப்பந்தம் உள்ள பாடகருக்கு விற்பனையில் பங்கு உண்டு. அன்றாடக் கூலிக்குப் பாடியவருக்கு அன்றைய கூலியோடு சரி. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்ற பழமொழி ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் பொருந்தும் போலும்!

இரு இளைஞர்களும் ஒரு பரிசும்

ஃபாரியன் தம் பழைய முறையை 1988இல் மறுபடி கையாண்டார். ராப் பிலாட்டஸ், ஃபேப் மார்வன் என்ற அழகிய இளைஞர் இருவரை 'மில்லி வனில்லி' என்ற பெயரில் நிறுத்தினார். ஒலிப்பதிவில் பாடியவர்கள் சார்லஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல் முதலியோர். 1989இல் ஒரே ஆண்டில் மூன்று பாட்டுகள் அமெரிக்காவில் முதலிடம் பெற்றன. 1990 பிப்ரவரியில் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி பரிசும் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஃபாரியன் உண்மையை ஒப்புக்கொண்டார். பரிசு பறிக்கப்பட்டது. தட்டு வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்தனர்.

உலகம் அந்த இரு இளைஞர்களையும் எள்ளி நகையாடியது. பிலாட்டஸ் அதிலிருந்து மீளவே இல்லை. 1998இல் இளம் வயதில் இறந்தார். நான் இதைப் படித்தபோது இரு கேள்விகள் எழுந்தன. திட்டம் தீட்டியவர் ஒருவர், தண்டனை பெற்றவர் வேறொருவர் என்பது நீதியா? உண்மையில் பாடிய மூவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பொய் வெளிப்பட்ட பிறகும் பேச்செல்லாம் முகங்களைப் பற்றியே இருந்தது.

குரலை வெட்டி எடுத்தல்

இதுவரை கண்ட கதைகளில் பாடியவர் கூடத்துக்கு நேரில் வந்தேனும் பாடினார். 1980களில் அதற்கும் தேவையில்லாமல் போயிற்று. 'சாம்ப்ளர்' என்ற கருவி வந்தது. அறிவியல் மாணவர்க்கு இதன் செயல்முறை எளிதில் விளங்கும்.

ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் ஏற்படும் அலை. அந்த அலையின் உயரத்தைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து, எண்களாகக் குறித்துவிடலாம். மனிதச் செவி ஏறத்தாழ நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். ஓர் அதிர்வை இழக்காமல் பதிய, அதன் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். ஆகவே குறுந்தட்டில் நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. குரல் எண்ணாக மாறிய பின் அதை வெட்டலாம், ஒட்டலாம், திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யலாம். ஆர்மோனியக் கட்டை போன்ற ஒரு கட்டையில் அதை ஏற்றி, விரலால் தட்டித் தட்டிப் பாட வைக்கலாம். விரைவாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். பாடகரின் ஒரு மூச்சு இருந்தால் போதும். ஒரு பாட்டே செய்துவிடலாம்.

1989இல் 'பிளாக் பாக்ஸ்' என்ற இத்தாலியக் குழு அதைத்தான் செய்தது. அவர்களுடைய 'ரைடு ஆன் டைம்' பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அவ்வாண்டு அங்கே மிகுதியாக விற்ற தனித் தட்டும் அதுவே. படத்தில் வாயசைத்தவர் கேத்ரின் கினோல் என்ற பிரெஞ்சு விளம்பர அழகி. குரலோ சிகாகோவின் லோலியாட்டா ஹாலோவே என்பவருடையது. 1980இல் அவர் பாடிய 'லவ் சென்சேஷன்' என்ற பாட்டிலிருந்து அவரைக் கேளாமலே எடுத்தது. அவர் பாடிய சொல் 'சரியான நேரத்தில்' என்று பொருள்படும் 'ரைட்'. அதையே இத்தாலியர்கள் 'ரைடு' என்று தலைப்பாக்கிவிட்டார்கள். பாடியவர் பெயரோடு அவர் பாடிய சொல்லும் போயிற்று!

அந்த மூலப் பாட்டுக்கு ஹாலோவே பட்ட பாடு சிறிதன்று. மாதா கோயில் பாட்டில் பழகிய பெருங்குரல் அவருடையது. இயற்றித் தயாரித்த டான் ஹார்ட்மன் அவரை ஏறத்தாழ முப்பது முறை பாட வைத்தாராம். குரல் கட்டிப்போக, விக்ஸ் கலந்த காப்பியைக் குடித்துப் பாடி முடித்தார் என்பர். ஒன்பது ஆண்டு கழித்து அவ்வுழைப்பு வேறொரு முகத்தின்மேல் ஏறி உலகைச் சுற்றியது. வழக்குப் பேச்சு எழுந்து உடன்பாட்டில் முடிந்தது. அவருக்கு ஒரு தொகை கிடைத்தது. 1991இல் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற பாட்டில் அதே குரலைப் பயன்படுத்தியபோது, அவர் பெயரையும் போட்டார்கள். படத்திலும் அவரைக் காட்டினார்கள். அமெரிக்காவில் அது முதலிடம் பெற்றது. பெயர் போட்டதால் விற்பனை குறைந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க.

பெயர் பெற்றுத் தந்தவர்

இவ்வரலாற்றில் திருப்பத்தை உண்டாக்கியவர் மார்த்தா வாஷ். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்தவர். சில்வெஸ்டர் என்ற டிஸ்கோப் பாடகருக்குப் பின்குரல் பாடித் தொடங்கி, 1982இல் 'வெதர் கேர்ள்ஸ்' என்ற பெயரில் தோழியோடு 'இட்ஸ் ரெய்னிங் மென்' பாட்டைப் பாடினார். டோனா சம்மர் முதலிய புகழ்பெற்றோர் வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டு அது.

பிளாக் பாக்ஸ் குழுவுக்காக அவர் சில பாட்டுகளைப் பாடித் தந்தார். பிறர் கேட்டுப் பழகுவதற்கான முன்மாதிரி என்று சொல்லிக் கூலி கொடுத்தார்கள். பிறகு அவர் குரலையே வெளியிட்டு, அதே விளம்பர அழகியை வாயசைக்க வைத்தார்கள். 1990இல் 'சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி' வெளியிட்ட 'கானா மேக் யூ ஸ்வெட்' பாட்டிலும் இதே கதை. ஆட அழைக்கும் அந்த முழக்கத்தை இன்றும் விளையாட்டரங்குகளில் கேட்கிறோம். அது வாஷின் குரல். படத்தில் வாயசைத்தவர் ஸெல்மா டேவிஸ். அவரும் பாடத் தெரிந்தவரே. ஆனால் அந்த முழக்கம் அவருடையது அன்று. வாஷ் பருமனான உடல்வாகு உடையவர். அந்த உடல் படத்துக்கு ஆகாது என்று எண்ணிவிட்டார்கள் என்பதை அவரே பின்னர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

வாஷ் நீதிமன்றம் சென்றார். ஒரு நிறுவனம் உடன்பாட்டின் பேரில் அவருக்கே தனித் தட்டு வெளியிட ஒப்பந்தம் தந்தது. மற்றோர் உடன்பாட்டின்படி, படத்தில் குரல் யாருடையது, தோற்றம் யாருடையது என்று பிரித்துக் குறிப்பிட வேண்டியதாயிற்று. இவ்வழக்குகளுக்குப் பிறகு, பாடியவர் பெயரைத் தட்டிலும் படத்திலும் குறிப்பிடும் வழக்கம் அமெரிக்க இசைத்தொழிலில் வேர்கொண்டது. அரங்குகளை அதிர வைத்த அந்தக் குரல் நீதிமன்றத்திலும் ஒருமுறை ஒலித்ததால் வந்த நன்மை இது.

நம் நாட்டில்

'நம் சினிமாவில் நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர்தானே! இதில் என்ன குற்றம்?' என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. பின்னணிப் பாட்டு மறைவான ஏற்பாடன்று. எல்லாரும் அறிந்த ஏற்பாடு. ஆனால் அந்த நிலை தானாக வந்துவிடவில்லை.

1949இல் வந்த 'மஹல்' என்ற இந்திப் படத்தில் மதுபாலாவுக்காக 'ஆயேகா ஆனேவாலா' பாட்டைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். இசைத்தட்டில் பாடகரின் பெயர் 'காமினி' என்றிருந்தது. அது கதையில் வரும் பாத்திரத்தின் பெயர்! பாட்டைக் கேட்டு மயங்கியவர்கள், பாடியவர் யார் என்று வானொலி நிலையத்தைக் கேட்டுக் கேட்டுத் தொல்லை செய்த பிறகே உண்மைப் பெயர் வெளிவந்தது. பின்னர் ஃபிலிம்ஃபேர் விழா ஒன்றில், பரிசு பெற்ற பாட்டைப் பாடும்படி லதாவை வேண்டினார்கள். பரிசு இசையமைப்பாளருக்குத்தான் உண்டு, பாடுபவருக்குக் கிடையாது என்றால், குரல் இல்லாமல் வாத்தியங்களை மட்டும் வாசித்துக்கொள்ளட்டும் என்று மறுத்துவிட்டார். 1959இல் பின்னணிப் பாடகருக்கும் பரிசு ஏற்பட்டது. அதை முதலில் பெற்றவரும் அவரே.

சட்டம் மெதுவாகவே வந்தது. கலை நிகழ்த்துவோருக்குத் தனி உரிமை உண்டு என்று நம் பதிப்புரிமைச் சட்டம் 1994இல் ஏற்றது. 25 ஆண்டு என்றிருந்த அதன் காலம் 1999இல் 50 ஆண்டாக உயர்ந்தது. 2012இல் வந்த திருத்தம், நிகழ்த்தியவர் இவரே என்று அடையாளம் காட்டப்பெறும் உரிமையையும் சேர்த்தது. வாஷ் வழக்காடிப் பெற்றது இங்கே சட்டத்தின் எழுத்தாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்த என் போன்றோருக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. தெருவில் கேட்காத தமிழை நாங்கள் வீட்டில் பாட்டாகக் கேட்டோம். பாட்டு ஒலித்ததும் அப்பா சொல்வது நடிகர் பெயரையன்று. 'இது சுசீலா', 'இது ஜானகி', 'இது டி. எம். எஸ்.' என்றே சொல்வார். படத்தைப் பார்க்காமலே குரலைக் கொண்டு ஆளை அறிந்தோம். அந்தப் பெயர்கள் தட்டில் இல்லாமல் போயிருந்தால், அப்பா எனக்கு எதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்?

இனி வரும் காலம்

இன்று குரலை வெட்டி எடுக்கவும் தேவையில்லை. ஒருவர் பாடியவற்றைக் கணிப்பொறிக்குக் கற்பித்தால், அவர் பாடாத பாட்டையும் அவர் குரலில் அது பாடுகிறது. 2024இல் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரலையும் இம்முறையில் ஏ. ஆர். ரஹ்மான் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் தந்ததாக அவரே அறிவித்தார். பெயரும் மறைக்கப்படவில்லை. கருவி எதுவாயினும் நேர்மையாகப் பயன்படுத்த வழி உண்டு என்பதற்கு இது சான்று. அதே ஆண்டில் பாடகர் அரிஜித் சிங், தம் குரலை இசைவின்றிப் போலி செய்வதற்கு எதிராகப் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்புப் பெற்றார். ஹாலோவேயின் ஒரு மூச்சுக்கு எழுந்த வழக்கு, இப்போது குரல் முழுமைக்கும் எழுகிறது.

நம்மில் பலர் ஆய்வு மாணவர்கள். ஓர் ஆய்வுரையில் யார் பெயர் முதலில், யார் பெயர் பின்னால், யார் பெயர் இல்லவே இல்லை என்பது நம்மை உறங்கவிடாத செய்தி. கருவியைப் பழுது பார்த்துக் கொடுத்தவருக்கும், இரவெல்லாம் விழித்து அளவெடுத்தவருக்கும் ஒரு வரி நன்றி இல்லாமல் போவதை நாம் கண்டதில்லையா? பெயர் போடுவதற்குச் செலவு ஏதுமில்லை. போடாமல் விட்டால் ஒருவரின் உழைப்பு இன்னொருவரின் கணக்கில் ஏறிவிடும்.

நம் சங்கத்து ஆண்டு விழாவிலும் பழைய நடனப் பாட்டுகள் ஒலிக்கும். ஆடுவோர் பெயரை நிகழ்ச்சி நிரலில் அச்சிடுகிறோம், வேண்டியதே. அதன் கீழே, பாட்டைப் பாடியவர் பெயரையும் ஒரு வரி சேர்ப்போம். 'ரஸ்புடின்' ஒலித்தால் லிஸ் மிச்செல், மார்சியா பாரெட், ஃபிராங்க் ஃபாரியன் என்று எழுதுவோம். ஆடி மகிழ்வித்த பாபி ஃபாரலையும் மறவாமல், அவர் செய்த தொழிலைச் சொல்லியே குறிப்போம். அச்சுக்கூடத்தில் கூடுதலாக ஒரு வரிக்கு யாரும் பணம் கேட்கப் போவதில்லை.